குழந்தையை வதைத்தவர் புழல் சிறையிலிருந்து பரோலில் வந்துவிடுவாரா?

வியாசர்பாடியில், வளர்த்த குழந்தையையே வதைத்துத் தண்டனை பெற்ற உறவினர் புழலிலிருந்து எப்போது பரோலில் வருவார் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கா மாதிரி ஒரு வாரியம் கூடித் தண்டனையின் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பும் பரோல் இங்கே கிடையாது. நம்ம ஊரில் அது சில நாள் விடுப்புதான், 1982ஆம் ஆண்டு தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி வீட்டில் சாவு, கல்யாணம் என்றால் அவசர விடுப்பு கேட்கலாம், முடிந்ததும் திரும்பியாக வேண்டும். ஒரேயடியாக வெளியே வருவது அரசு தரும் முன்விடுதலையில், அது வேறு விஷயம்.

எந்தப் பிரிவில் தண்டனை என்று தீர்ப்பில் பாருங்கள். போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தின் 6ஆம் பிரிவு என்றால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 20 ஆண்டு, ஆயுள் என்றால் சாகும்வரை. ஆனால் அடி, சூடு, பட்டினி என்று பாலியல் குற்றம் இல்லாத சித்திரவதைக்கு, 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் சாதாரணமாக 3 ஆண்டு வரைதான், பிள்ளை முடமாகிப் போனாலும் 3 முதல் 10 ஆண்டு. இது கொஞ்சமும் போதாது, எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம், விடுப்புக்கு முன்னால் நன்னடத்தை அலுவலர் விசாரிப்பார். குழந்தை அதே தெருவில் இருக்கிறது, பயப்படுகிறது என்று சிறைக் கண்காணிப்பாளருக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.