சோவியத் யூனியன் கிழக்கு ஐரோப்பிய நாடுகளை எப்படிக் கைக்குள் வைத்திருந்தது?

போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, கிழக்கு ஜெர்மனி, ருமேனியா, பல்கேரியா. இவற்றைத்தான் சோவியத்தின் துணைக்கோள் நாடுகள் என்பார்கள். கொடி, நாடாளுமன்றம், பிரதமர் எல்லாம் உண்டு, ஆனால் பெரிய முடிவென்றால் மாஸ்கோ தலையாட்ட வேண்டும். தனிக்குடித்தனம் போன மகன் வீடு மாதிரிதான்: வாசலில் பெயர்ப்பலகை மகனுடையது, பீரோ சாவி அப்பாவிடம்.

ஏன் இந்தப் பிடி? 1941-இல் ஜெர்மனி மேற்கிலிருந்துதான் புகுந்தது, அந்தப் போரில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட சோவியத் மக்கள் செத்தார்கள், அதனால் நடுவில் ஒரு தடுப்புச்சுவர் வேண்டும் என்று ஸ்டாலின் நினைத்தார். போர் முடிந்தபோது செம்படை, அதாவது சோவியத் ராணுவம், அங்கேயே நின்றது வசதியாகப் போயிற்று.

சரி, தினசரி எப்படி நடத்தினார்கள்? உள்ளூர் கம்யூனிஸ்ட் கட்சியும் ரகசியப் போலீசும்தான் முதல் கருவி. வணிகத்துக்கு 1949-இல் கோமெகான் என்ற பொருளாதாரக் கூட்டமைப்பு, ராணுவத்துக்கு 1955-இல் வார்சா ஒப்பந்தம் என்ற கூட்டணி. போலந்தின் கதை இன்னும் அப்பட்டம்: ரோகோசோவ்ஸ்கி என்ற சோவியத் மார்ஷலையே 1949-இல் அந்த நாட்டுப் பாதுகாப்பு அமைச்சராக உட்கார வைத்தார்கள்!

இதையும் மீறினால் டாங்கி. 1956-இல் வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்த ஹங்கேரிப் பிரதமர் இம்ரே நாகியை 1958-இல் தூக்கிலிட்டார்கள். 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் ப்ராகிலும் டாங்கிகள், அப்புறம் அந்த நாட்டுக் கட்சித் தலைவர் டூப்செக்கை மாஸ்கோவுக்கே அள்ளிக்கொண்டு போனார்கள்.

பலர் நினைப்பதுபோல் இவை சோவியத் யூனியனின் மாநிலங்கள் அல்ல. உக்ரைனும் லாத்வியாவும் அதற்கு உள்ளே இருந்தவை, போலந்து வெளியே, அங்கே கடையில் ரூபிள் இல்லை, ஸ்லோட்டிதான்.