பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கோடை முடியும் தறுவாயில் கார் பேட்டரி பற்றிய கடிதங்கள் குவிவது இப்பகுதிக்குப் பழக்கமானதே. இம்முறை வந்தவற்றில் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது சிறிய பெட்ரோல் கார். பேட்டரி வாங்கி மூன்று ஆண்டு எட்டு மாதம் ஆகிறது. இதுவரை ஒருநாளும் செல்ஃப் எடுக்காமல் நின்றதில்லை. சர்வீசுக்கு விட்டபோது, "மூன்று வருடம் தாண்டிவிட்டது, வழியில் நின்றால் எங்களைக் கேட்காதீர்கள்" என்று சொல்லி, புது பேட்டரிக்கு விலை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: வயதுக்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால், அந்த வயதில் அளந்து பார்க்காமல் இருப்பதும் சரியில்லை. நம் ஊர் வெயிலில் கார் பேட்டரி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் ஓய்ந்துவிடுகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் ஓடி நின்ற காரின் பானெட்டுக்குள் பேட்டரி எவ்வளவு சூட்டில் இருக்கும் என்பதை, மூடியைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சூட்டில் நேர்முனைத் தகட்டின் ஈயச் சட்டம் அரிக்கப்படுகிறது, திரவத்தில் உள்ள நீர் வற்றுகிறது. வெயில் கெடுத்து வைத்ததை மார்கழிக் குளிர் காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த காலையில் எண்ணெய் தடித்து இன்ஜின் சுற்றக் கனமாக இருக்கும்போதுதான், பேட்டரியின் தளர்ச்சி வெளியே தெரிகிறது.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மின்சாதனக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். இரவு காரை நிறுத்திப் பூட்டிவிட்டு, காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரியின் இரு முனைகளிலும் கம்பியை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் காரணமாக மீட்டர் கூடுதலாகக் காட்டும் என்பதால், பல மணி நேரம் ஓய்வெடுத்த பிறகே அளக்க வேண்டும்.

இத்துடன் நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் ஓய்வில் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு, சுமை ஏறியதும் சரியும் பேட்டரிகள் உண்டு. மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, வீட்டில் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும் அந்த ஓரிரு நொடிகளில் எண் இறங்கும். பத்துக்கு மேல் நின்றால் கவலையில்லை; 9.6-க்குக் கீழே போனால், அதுவும் முழுச் சார்ஜில் இருந்த பேட்டரி அப்படிப் போனால், அதன் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு இன்ஜின் ஓடும்போது ஒருமுறை அளந்தால் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே சார்ஜை ஏற்றி இறக்குவதால் இந்த எண் சற்று மாறலாம். மற்றபடி 13-ஐத் தொடாமல் நின்றால் குற்றவாளி, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், டைனமோ என்று நாம் அழைக்கும் ஆல்டர்னேட்டர் அல்லது அதன் பெல்ட்; 15-ஐத் தாண்டினால் பேட்டரி உள்ளே கொதித்து நீரை இழக்கிறது, அழுகிய முட்டை நாற்றம்கூட வரும். இந்த இரண்டில் எது இருந்தாலும் புது பேட்டரி போடுவது வீண் செலவு, அதுவும் சில மாதங்களில் கெடும்.

பேட்டரியின் மேலே உள்ள சிறு கண்ணில் பச்சை தெரிகிறது, ஆகவே நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கண் ஆறு செல்களில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது; மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் பச்சை பச்சையாகவே இருக்கும். ஒரு செல் முழுவதும் போய்விட்டால் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பேட்டரி 10.5 வோல்ட் அளவிலேயே நின்றுவிடும். அதன் பிறகு அளக்கவும் ஆராயவும் ஒன்றுமில்லை.

உங்கள் பேட்டரி இந்த மூன்று சோதனைகளிலும் தேறினால், அடுத்த கோடைக்கு முன் மீண்டும் அளக்கலாம் என்று குறித்து வைத்துவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள். தேறாவிட்டால் மட்டும் இழுத்தடிக்காதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான்கு வயதைத் தாண்டிய என் பேட்டரி ஒரு மே மாதக் காலையில் 12.2 காட்டியது. "நீண்ட தூரம்தானே போகிறோம், வழியில் ஏறிக்கொள்ளும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பினேன். திண்டிவனம் தாண்டித் தேநீருக்காக நிறுத்தி, இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் "டக்" என்ற ஒற்றை ஒலியோடு சரி. தேநீர்க் கடையில் இருந்த நால்வர் வந்து தள்ளிய பிறகே வண்டி எழுந்தது. சூட்டோடு நிறுத்திய காரில் இப்படி நேர்வது அரிதில்லை. முன்னறிவிப்பே இல்லாமல் நேர்வதும் உண்டு.

கேள்வி: பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால், நானும் மனைவியும் காரைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கோயிலுக்கு எடுப்பதோடு சரி. இரண்டு ஆண்டுகளில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன், மூன்றாவதும் இறங்கத் தொடங்கிவிட்டது. கம்பெனி பேட்டரிதான் போடுகிறேன். எங்கே தவறு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பேட்டரியில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை, ஐயா, கார் நிற்பதில்தான் இருக்கிறது. பூட்டி நிற்கும் காரும் சும்மா இருப்பதில்லை. அலாரம், சாவியின் சமிக்ஞையைக் கேட்கும் கருவி, கணினியின் நினைவகம் ஆகியவை சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. இந்த வேகத்தில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் (பேட்டரி கொள்ளும் சார்ஜை அளக்கும் அலகு) போகிறது; சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பதினைந்து நாளில் பாதி காலி. பாதி காலியான நிலையிலேயே நாள்கணக்கில் கிடக்கும் தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டியான படிகமாகப் படிந்துவிடுகிறது, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் அது முழுவதும் கரைவதில்லை. இரண்டே ஆண்டில் பேட்டரி கிழடாவது இப்படித்தான்.

காரில் பிற்பாடு ஏதாவது பொருத்தினீர்களா என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் முன்கண்ணாடியில் ஒட்டிய கேமராவாக இருக்கும். கார் நிற்கும்போதும் படம் பிடிக்கும்படி நேரடியாக இணைக்கப்பட்ட ஒரு கேமரா கால் ஆம்பியர் இழுத்தால், மூன்றே நாளில் பாதி பேட்டரி போய்விடும்.

பலர் செய்வதுபோலத் தினமும் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் செலவாகும் சார்ஜ் மிகக் குறைவு, அது சில நிமிடங்களில் திரும்பிவிடும். ஆனால் நாள்கணக்கில் கசிந்ததை ஈடுகட்டப் பல மணி நேரம் வேண்டும். வாரம் ஒருமுறை கன்னியாகுமரி வரை போய்வந்தால் காருக்கும் நல்லது, உங்கள் இருவருக்கும் நல்லது. அது முடியாதென்றால், வீட்டு மின்சாரத்தில் இயங்கி, நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் சிறு சார்ஜர் ஒன்றை வாங்கி மாட்டிவையுங்கள். மாதக்கணக்கில் ஊருக்குப் போவதாயின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் கடிகாரமும், சில கார்களில் ஒரே தொடுதலில் ஏறும் கண்ணாடியும் மறந்துபோயிருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, முகப்பு விளக்கும் மங்குகிறது. பேட்டரிக்கு ஒன்றரை வயதுதான். மெக்கானிக் மாற்றச் சொல்கிறார்.
– வாசகர், வேலூர்

பதில்: முதலில் டெர்மினலைப் பாருங்கள். முனையில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால், பேட்டரி நலமாக இருந்தும் மின்சாரம் வெளியேற வழியில்லாமல் இருக்கலாம். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது, மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் ஈய முனையிலும் மற்றொன்றை அதன்மேல் இறுக்கிய கிளாம்பிலும் வையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு உலோகங்களுக்கிடையே மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை இணைப்பில் இருக்கிறது. கிளாம்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரைப் பழைய பல்துலக்கியில் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். ஈயம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கம்பியையும் அப்படியே பாருங்கள்.

கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். முறை மாறினால், நேர்முனையில் இருக்கும் ஸ்பேனர் பாடியைத் தொட்ட கணம் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் எரியக்கூடியது என்பதை நினைவில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இழுத்தால், கடையில் முழுச் சார்ஜ் ஏற்றிய பின் சோதிக்கச் சொல்லுங்கள். பாதி இறங்கிய பேட்டரியைக் கருவியில் மாட்டி, "மாற்றவும்" என்று வரும் சீட்டை நம்ப வேண்டாம். ஒன்றரை வயதுப் பேட்டரிக்குப் பெரும்பாலும் வாரண்டி இருக்கும், அந்த அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: புது பேட்டரி வாங்கும்போது கொஞ்சம் பெரியதாகப் போட்டால் நீண்ட நாள் வருமா? என் கார் சிக்னலில் தானே அணைந்து தானே எழும் வகை.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் காருக்கு அளவைவிட வகைதான் முக்கியம், அம்மா. ஒரே பயணத்தில் பலமுறை ஸ்டார்ட் ஆகும் இத்தகைய கார்களுக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் எனும் வகைப் பேட்டரிதான் பொருந்தும். விலை குறைகிறதே என்று சாதாரணப் பேட்டரியைப் போட்டால் சீக்கிரமே ஓய்ந்துவிடும். ஆம்பியர்-அவரைக் காரின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள். சற்றே பெரியதால் கெடுதல் இல்லையென்றாலும், தட்டில் சரியாக உட்காராமல், கட்டும் பட்டையும் இறுகாமல் ஆடிக்கொண்டிருக்கும் பேட்டரியின் தகடுகள் அதிர்விலேயே உதிர்ந்துவிடும். நேர்முனை எந்தப் பக்கம் என்பதும் மாதிரிக்கு மாதிரி மாறும். தவறான பக்கம் வந்தால் கம்பி எட்டாது. மேலே பொறித்துள்ள தயாரிப்பு மாதத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் இருந்தது என்றால் வேறு கேளுங்கள்.

கேள்வி: பழைய பேட்டரியைக் கடையில் கொடுப்பதைவிடத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் கூடுதல் விலை தருகிறாரே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தரலாம், ஆனால் கொடுக்காதீர்கள். 2001-இல் வந்த பேட்டரி விதிகளுக்குப் பதிலாக, 2022-இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்திருக்கின்றன. பழைய பேட்டரி தனியாகச் சேகரிக்கப்பட்டு, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும். தெருவில் போவது பெரும்பாலும் ஏதோ ஒரு கொட்டகையில் உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணில் ஊற்றப்பட்டு, ஈயம் திறந்த அடுப்பில் உருக்கப்படுகிறது. அந்த ஈயப் புகை முதலில் பாதிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தைகளை. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, கழித்த தொகை ரசீதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.