எட்டாம் வகுப்பு மகள் பள்ளியில் நடப்பதைச் சொல்லவே மாட்டேன் என்கிறாள். எப்படிப் பேச வைப்பது?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: வீடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரமாக இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வீட்டில் பேசுவது தமிழ், பள்ளி மலையாள வழி. இரண்டு மாதமாக மகளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று நகர்ந்துவிடுகிறாள்.

முதல் சிக்கல் கேள்வியில் இருக்கிறது. "என்ன நடந்துச்சு?" என்று மொத்தமாகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். துண்டு துண்டாகக் கேளுங்கள். "இன்னிக்கு பஸ்ஸுல ஆரு பக்கத்துல உக்காந்த?" "இன்டர்வெல்லுக்கு ஆரோட போன?" "சோறு எங்க உக்காந்து சாப்பிட்ட?" வம்பு நடப்பது பெரும்பாலும் பெரியவர் கண் படாத இடத்தில்: பஸ், கழிப்பறை, டீச்சர் வராத பீரியட். கேரளப் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை மற்ற நாளைவிட நீளம், அதையும் தனியாகக் கேளுங்கள். நேற்று வரை வந்த ஒரு தோழியின் பெயர் இன்றைய பதிலில் இல்லையென்றால், அங்கிருந்து நூல் பிடிக்கலாம்.

வந்ததும் வராததுமாகக் கேட்காதீர்கள். பசி அடங்கட்டும். எதிரில் உட்கார வைத்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் விசாரணை ஆகிவிடும், அம்மாவும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்தால் கோர்ட்டே ஆகிவிடும். ஒருவர் போதும். சின்ன வெங்காயம் உரிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ வண்டியில் பின்னால் அவள் உட்கார்ந்து வரும்போதோ, பதினைந்து இருபது நிமிடம். கை வேலையில் இருந்தால் வாய் தானாக அவிழும். பாட்டியும் தம்பியும் காது கொடுத்திருக்கும் இடம் வேண்டாம்.

எல்லையோரப் பிள்ளைகளுக்கு இன்னொரு முடிச்சு உண்டு. நடப்பது மலையாளத்தில், வீட்டில் சொல்ல வேண்டியது தமிழில். நடுவில் பாதி கரைந்துபோகும். "களியாக்கறாங்க" (கிண்டல் பண்ணுகிறார்கள்) என்ற ஒரே சொல்லுக்குள் தமிழ் வாடையடிக்கும் மலையாளத்தை நடித்துக் காட்டுவதும், தமிழரை இளக்காரமாகச் சொல்லும் "பாண்டி" என்ற பெயரால் கூப்பிடுவதும், பையை ஒளித்து வைப்பதும், தெரியாமல் போட்டோ எடுப்பதும் எல்லாம் அடங்கும். நாம் "கிண்டல்தானே, கண்டுக்காத" என்று முடித்துவிடுகிறோம். "அவங்க சொன்னதை அப்படியே மலையாளத்துலயே சொல்லு கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். உடம்பைப் பற்றிய சொற்களிலும் இதே இடர்தான். வீட்டில் அந்த உறுப்புகளுக்குப் பெயரே கிடையாது, பிறகு எதை வைத்துச் சொல்வாள்? உயிரியல் பாடப் புத்தகத்தில் இருக்கும் பெயரை நீங்கள் முதலில் கூசாமல் உச்சரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வாயால் வராததைச் சில சமயம் பை சொல்லும். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பிய தண்ணீர் சாயங்காலம் அப்படியே வந்தால், அவள் கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்கிறாள் என்று சந்தேகப்படலாம். ஏன் என்பதற்குப் பல காரணம் இருக்கும். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, மாதவிடாய் நாளில் நாப்கினைப் போட இடமில்லை, அங்கே ஒரு கூட்டம் நின்று மறிக்கிறது, அல்லது அங்கே யாரோ தொட்டார்கள். "ஏன் தண்ணி குடிக்கல?" என்று திட்டினால் அடுத்த நாள் பாட்டிலை வழியில் கவிழ்த்துவிட்டு வருவாள். "அந்த பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?" என்று ஆரம்பியுங்கள். மாதவிடாய்ப் பயத்துக்கு மட்டும் உடனடி மருந்து உண்டு: பழைய பென்சில் பௌச்சில் 2 நாப்கின், ஒரு உள்ளாடை, சுற்றிப் போடப் பழைய பேப்பர். எப்போதும் பையின் அடியில் கிடக்கட்டும்.

ஒருநாள் "என் ஃப்ரெண்ட் ஒருத்திக்கு இப்படி ஆச்சு" என்று தொடங்குவாள். ஆழம் பார்க்கிறாள். "எந்த ஃப்ரெண்ட்?" என்று கேட்டுவிடாதீர்கள், "அப்புறம் அவ என்ன பண்ணுனா?" என்று மட்டும் கேளுங்கள். இந்த இடத்தில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தைப் பொறுத்துத்தான் மிச்சம் வெளியே வரும். "நீ ஏன் அங்க போன?", "அப்பவே ஏன் சொல்லல?" இரண்டும் கதவை அடைக்கும். எல்லாவற்றிலும் மோசம் "போனைக் குடு". போன் பறிபோகும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் போனில் நடந்ததைச் சொல்வதே இல்லை. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்வதும் தவறு, அதைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். "உனக்குத் தெரியாம யார்கிட்டயும் போகமாட்டேன்" என்று சொல்லுங்கள். அது காப்பாற்றக் கூடியது.

சொன்னது தொடுதல், பாலியல் தொந்தரவு என்றால் அதோடு கேள்வியை நிறுத்துங்கள். துருவித் துருவி நாலு பேர் கேட்டால் வாக்குமூலம் குழம்பும், பிள்ளையும் நொறுங்கும். அவள் சொன்ன சொற்களையே தேதி போட்டு எழுதி வையுங்கள். அண்மையில் நடந்திருந்தால் அன்று போட்ட துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது, ஈரம் தங்கிக் கெட்டுப்போகும். தாமதிக்காமல் மருத்துவமனை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி (2012), நடந்தது தெரிந்தவர்கள் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். ஊழியர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆகவே "பேசித் தீர்த்துக்கலாம்" என்று யாராவது வந்தால் அந்தப் பேச்சே சட்டப்படி செல்லாது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். கூடுமானவரை பெண் எஸ்.ஐ.யாக இருக்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது. நம் பக்கத்துக்கு முக்கியமான பிரிவு இது: எழுதும் மொழி பிள்ளைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். வீடு எல்லை ஊரான வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம், பள்ளி இந்தப் பக்கம் என்றாலும் "எங்க எல்லை இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக் கூடாது. புகாரைப் பதிந்து அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. இங்கே செல்போன் டவர் அடிக்கடி மாநிலம் தாவும் என்பதால் எடுத்ததும் மாவட்டத்தையும் ஊரையும் சொல்லிவிடுங்கள்.

படத்தை வைத்து மிரட்டல் என்றால் பிளாக் செய்யும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கணக்கின் பெயரும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. எதையும் அழிக்க வேண்டாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது.

தயங்காமல் கேட்க வேண்டிய ஒன்று: "செத்துரலாம்னு எப்பவாவது தோணுச்சா சாமி?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்பது வீண் பயம். கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. "ஆமா" என்றால் அழுகையும் அறிவுரையும் பிறகு. அவளைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தையும் பாட்டியின் மாத்திரை டப்பாவையும் அன்றே பூட்டி வையுங்கள், அல்லது வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். கேரளத்தில் திசா என்ற உதவி எண் 1056.

வெறும் கிண்டல், மிரட்டல் அளவில் இருந்தால் பள்ளியோடு பேசுவது. தொந்தரவு செய்யும் பிள்ளையின் வீட்டுக்கு நேரே போகாதீர்கள். கடைவீதியில் நாலு பேர் கூடினால் அது தமிழன் மலையாளி சண்டையாகத் திரும்பும், சொன்ன பாவத்துக்கு அவள் தினமும் அதே பஸ்ஸில் போக வேண்டும். முதலில் வகுப்பு டீச்சரையோ மாஷையோ (ஆண் ஆசிரியர்) பாருங்கள், அங்கே நகரவில்லை என்றால் ஹெச்.எம். வாய்ப்பேச்சோடு விடாமல், மலையாளம் எழுதத் தெரிந்தவரைக் கொண்டு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: எந்தத் தேதி, எந்த இடம், என்ன நடந்தது, என்ன வேண்டும். "தக்க நடவடிக்கை" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. இடத்தை மாற்ற வேண்டும், இன்டர்வெல்லில் கழிப்பறைப் பக்கம் ஒரு டீச்சர் நிற்க வேண்டும், தாழ்ப்பாள் போட வேண்டும் என்று எண்ணி எழுதுங்கள். நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக் கவுன்சிலர் இருக்கிறாரா, தமிழ் தெரியுமா என்றும் அன்றே கேட்டு விடலாம். தொந்தரவு செய்வது ஆசிரியரே என்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதைக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் மகளிடம் படித்துக் காட்டி, அவள் வேண்டாம் என்கிற பெயரை எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இடம் மாறியதா, தாழ்ப்பாள் வந்ததா என்று டீச்சரிடம் விசாரியுங்கள். மகளிடம் அதைக் கேட்க வேண்டாம், பாட்டிலை மட்டும் தூக்கிப் பாருங்கள்.