படத்தைப் பார்த்த கையோடு பணம் அனுப்பாதீர்கள்

கேள்வி: பண்டிகைக் காலம் வந்தாலே நன்கொடை கேட்டு வாட்ஸ்அப், தபால், போன் என்று எல்லாப் பக்கமும் வந்து குவிகிறது. அழும் குழந்தையைப் பார்த்தால் மனசு கேட்காமல் அனுப்பிவிடுவேன். போன வருடம் கையை மீறிப் போய்விட்டது. இந்த வருடம் சிலருக்கு மறுத்தேன், தூக்கம் வரவில்லை. ஒரு குழந்தையின் படம் இன்னும் போனில் இருக்கிறது, அழிக்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தூக்கம் போனதற்கு உங்கள் இளகிய மனசை மட்டும் குறை சொல்லாதீர்கள். எங்கே தொட்டால் எது அசையும் என்பது அந்தக் கோரிக்கைகளை எழுதுபவர்களுக்கு நன்றாகத் தெரியும், அது அவர்கள் தொழில். ஸ்மால், லோவென்ஸ்டீன், ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பசியில் வாடும் ஒரே ஒரு சிறுமியின் பெயரையும் படத்தையும் பார்த்தவர்கள், லட்சக்கணக்கானோர் பசியில் இருக்கிறார்கள் என்ற கணக்கைப் படித்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தார்கள். சிறுமியோடு கணக்கையும் சேர்த்துக் காட்டியபோது கொடுப்பது குறைந்துவிட்டது! அதாவது தேவை எவ்வளவு பெரியது என்பதை நம் மனசு அளப்பதே இல்லை, ஒரு முகத்தைப் பார்த்து உருகுகிறது. அதனால் உங்களை உருக்கிய கோரிக்கைதான் அவசரமானது என்றோ, மறுத்ததால் நீங்கள் கல்நெஞ்சுக்காரர் என்றோ அர்த்தமில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? கோரிக்கை வருவதற்கு முன்பே முடிவெடுங்கள். வருடத்துக்கு இவ்வளவு, இந்த இரண்டு மூன்று காரியங்களுக்கு என்று ஒரு சாவகாசமான நாளில் உட்கார்ந்து எழுதிவையுங்கள், வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். எதிர்பாராத ஒன்றுக்காகக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தாலும் நல்லதுதான், ஆனால் அது தீர்ந்தால் தீர்ந்தது. அப்புறம் யார் போனில் கேட்டாலும், "இந்த வருடத்துக்கு முடிவு செய்துவிட்டேன், எழுத்தில் அனுப்புங்கள், அடுத்த முறை பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடலாம். காரணம் அடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

பத்துப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள் என்பேன். அப்படிக் கொடுத்தால் பத்துப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறும், அடுத்த வருடம் இன்னும் அதிகமாகக் கேட்பார்கள், நீங்கள் கொடுத்ததில் ஒரு பங்கு உங்களுக்கே மறுபடி கடிதம் போடுவதில் கரையும். ஒன்றிரண்டு இடங்களுக்கு மாதாமாதம் போனால் அவர்களுக்கும் திட்டமிட வசதி. மற்றவர்களிடம் பெயரை நீக்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கடிதத்தோடு வரும் வாழ்த்து அட்டை, பேனா இதெல்லாம் கடன் இல்லை. 2001 கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய 10,000 பேருக்குப் போன நன்கொடைக் கடிதங்களை வைத்து ஆர்மின் ஃபால்க் ஓர் ஆய்வு செய்தார். நான்கு அஞ்சலட்டைகளை இலவசமாக வைத்து அனுப்பியபோது, வெறும் கடிதம் போனவர்களைவிட 75 சதவீதம் கூடுதலாக நன்கொடைகள் வந்தன. சும்மா வந்ததைச் சும்மா வைத்துக்கொள்ள நமக்குக் கூச்சம், அந்தக் கூச்சத்துக்குத்தான் அட்டை. கேட்காமல் வந்ததை நிம்மதியாகப் பயன்படுத்துங்கள்.

"இன்று இரவுக்குள்" என்று அவசரப்படுத்தி, தனிநபர் கணக்குக்கோ கியூஆர் குறியீட்டுக்கோ பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த அமைப்பின் இணையதளத்தை நீங்களே தேடிப் போய்ப் பாருங்கள், வந்த லிங்கைத் தொட வேண்டாம். உண்மையான அமைப்பாக இருந்தால் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

போனில் இருக்கும் அந்தப் படம்... அந்தக் குழந்தை மறக்க முடியாதபடி மனசில் நின்றுவிட்டால், அதே பிரச்சினைக்காக வேலை செய்யும் ஒரு நல்ல அமைப்பைத் தேடி உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இடமில்லை என்றாலும் பரவாயில்லை. இரண்டில் எதுவானாலும் படத்தை இன்றைக்கே அழித்துவிடுங்கள், நீங்கள் அதை வைத்துக்கொண்டு விழித்திருப்பதால் அந்தக் குழந்தைக்கு ஒன்றும் போய்ச் சேரப்போவதில்லை.