எழுத்தாளர்கள் கதைசொல்லும் முறையையும் இலக்கிய உத்திகளையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

உவமை, உருவகம், குறியீடு என்று பெயர்கள் எல்லாம் தெரிகிறது, ஆனால் ஒரு கதைக்குள் அவை என்ன வேலை செய்கின்றன என்று பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். யாங்கோனில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பர்மியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும், வேலைக்குப் போகிற சில இளைஞர்களும் வருவார்கள். அவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்.

பெயரிலிருந்து தொடங்க வேண்டாம். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று முதலில் பாருங்கள். தொல்காப்பியத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. செய்யுளியலில் வரும் 34 உறுப்புகள் மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று ஓசையில் தொடங்குகின்றன. அப்புறம் அந்தப் பட்டியல் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் என்று போகிறது. சொல்கிறவர், கேட்கிறவர், இடம், நேரம், சொல்லாமல் விட்டது, இந்தப் பேச்சு இவருக்கு இவர் சொல்வது என்று உணரவைக்கும் குறிப்பு. ஒரு கதையைப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் அணிகளுக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியாவது இவற்றுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் வருத்தம்.

குறுந்தொகை 25-ஆம் பாட்டைப் பாருங்கள். கபிலர் பாடியது. களவில், அதாவது ஊரறியாக் காதலில், கூடியவன் இன்னும் மணம் பேச வரவில்லை. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகு, அதாவது கொக்கு, மட்டும் இருந்தது, தினையின் தாள் போலச் சிறிய பசிய கால்களோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு.

"தினைத்தாள் அன்ன" என்பது உவமை. சரி, அதோடு நிறுத்தினால் பாட்டு நம் கைக்கு வரவில்லை. அந்த நேரத்தில் பறவையின் கால் நிறம் வரைக்கும் ஒருத்தி கவனித்திருக்கிறாள் என்றால் அவள் கண் எங்கே இருந்தது? நாணத்தில் அவனைப் பார்க்காமல் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நான் வாசிக்கிறேன். இருந்த ஒரே சாட்சிக்கோ இரைமேல்தான் கண். அவனும் அப்படித்தானோ என்ற பயத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கொக்கைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள். இதையே தோழி தன் வாயால், தான் பார்த்ததாகச் சொல்ல முடியுமா? முடியாது, அவள் அங்கே இல்லை. அப்போது அந்தக் காலும் நிறமும் பாட்டுக்குள் வந்திருக்காது. சொல்கிறவளைத் தேர்ந்தெடுத்தபோதே கபிலர் தன் உவமையையும் தேர்ந்தெடுத்துவிட்டார்.

இனி, கேட்கிறவருக்கு முன்கூட்டியே என்ன தெரியும் என்பது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகள் என்ற சமணத் துறவியோடு மதுரையை நெருங்கும்போது மதில்மேல் பறக்கும் கொடிகள் 'வராதீர்கள்' என்று தடுத்துக் கைகாட்டுவதுபோல் ஆடுகின்றன, "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார் இளங்கோ. கம்பனில் இராமன் மிதிலைக்கு வரும்போதும் கொடிதான் ஆடுகிறது. ஆனால் அது "ஒல்லை வா" என்று அழைக்கிறது. இரண்டும் தற்குறிப்பேற்ற அணி, அதாவது இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது. தமிழ் ஆசிரியர்கள் சேர்த்தே நடத்துவார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அந்தக் கொடிக்கு வருவதற்குள் இளங்கோ நமக்கு எவ்வளவு சொல்லிவிட்டார் என்பது. நூலின் முன்னுரையான பதிகத்திலேயே கதை முழுவதும் வந்துவிடுகிறது. கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் கெட்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்லிவிடுகிறாள். அதனால் கொடி கையசைக்கும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது, நடந்து வருகிறவர்களுக்கோ அது வெறும் கொடி. முன்னால் எதுவும் சொல்லாமல் அந்த வரியை மட்டும் வைத்திருந்தால் அழகான கற்பனை என்று பாராட்டிவிட்டுப் போயிருப்போம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தக் கலை இருக்கிறது. 1941 டிசம்பர் 23-இல் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் அவர்கள் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தார்கள். எங்கள் அப்பத்தா சிறுமியாக, புரோம் வழியாக அரக்கான் மலையைக் கடந்து போனவர். சண்டை முடிந்து குடும்பத்தோடு திரும்பி வந்தார். பேரப்பிள்ளைகளிடம் அதை இப்படிச் சொல்வார்: "தகரப்பெட்டிய எறக்கி வச்சோம். அப்புறம் வெங்கலப் பானைய எறக்கி வச்சோம். அப்புறம் தம்பிய எறக்கி வச்சோம். அப்புறம் சாமி வெளக்க எறக்கி வச்சோம்."

தம்பிக்காக அவர் குரலை மாற்றுவதில்லை, அந்த இடத்தில் நிறுத்துவதும் இல்லை. விளக்குக்குப் போய்விடுவார். கேட்கிற நாங்கள்தான் ஒரு வாக்கியம் பின்னால் நின்று தவிப்போம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப வைப்பதை அணி நூல்கள் பின்வருநிலை என்கின்றன. இதே கதையைப் பெரியம்மாவிடம் சொல்லும்போது தம்பிக்கு வந்த காய்ச்சல், கடைசியாகக் கேட்ட தண்ணீர், மூடிய துணி என்று எல்லாம் வரும். பெரியம்மா பிள்ளையைப் பறிகொடுத்தவர். கேட்கிறவர் மாறினால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதும் மாறுகிறது. எழுத்தாளர்கள் மேசையில் உட்கார்ந்து யோசித்துச் செய்வதை அப்பத்தா திண்ணையில் செய்தார், அவ்வளவுதான்.

ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் 1942-இல் நடந்து போனவர்தான். அந்தப் பயணத்தைத் தன் அனுபவமாக எழுதியிருக்கிறார். 'நான்' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினாலே அவர் பிழைத்துக்கொண்டார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே, இவர் ஊர் சேர்வாரா என்ற பதற்றத்தை நம்பி அப்படிப்பட்ட எழுத்தை நடத்த முடியாது. வழியில் பார்த்தது, கூட வந்தவர்கள், சொல்கிறவருக்குள் நடந்த மாற்றம், இவைதான் நம்மை அடுத்த பக்கத்துக்கு இழுக்க வேண்டும். படர்க்கையில் நாவல் எழுதுகிறவர் யாரை வேண்டுமானாலும் பாதி வழியில் விட்டுவிடலாம். அந்தப் பயம் வாசகருக்கும் இருக்கும். எது உயர்ந்தது என்று கேட்டால் பதில் இல்லை. எந்தப் பயம் தேவையோ அதற்கேற்ற வாய்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யையும் சொல்ல வேண்டும். அந்த நாவலின் நாயகன் பாண்டியன் இருப்பது சுமத்ராவின் மெடானில், மலேயாவின் பினாங்கில். மனம் திடீர் திடீரென்று மதுரை வீதிகளுக்குப் போய்விடுகிறது. வாக்கியங்கள் துண்டு துண்டாக, நினைவு வந்த வரிசையில் ஓடுகின்றன. நனவோடை என்று பெயர் சொல்வார்கள். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவனுக்கு இரண்டு ஊர் ஒரே நேரத்தில் கண்ணில் இருக்கும். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் பேச்சே அப்படித்தான் போகும். ரங்கூன் மொகல் தெருவில் தொடங்கி, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாயில் போய் நிற்கும். அந்த மனத்துக்கு வேறு நடை பொருந்தாது. அப்படி ஒரு தேவை இல்லாத கதையில் இதே நடையைப் போட்டுப் படிக்கிறவரைத் திணறடிக்கிற எழுத்துகளும் நிறைய வருகின்றன, எனக்கு அவற்றில் ஈடுபாடு இல்லை. வட்டார வழக்கு, குறியீடு எல்லாவற்றுக்கும் இதையே சொல்வேன், தனித்தனியாக விரிக்கவில்லை.

நீங்கள் செய்து பார்க்க ஒன்று: பிடித்த சிறுகதையில் ஒரு பக்கத்தை எடுத்து, கதைக்குள் இருக்கிற வேறொருவர் வாயால் திருப்பி எழுதுங்கள். எந்த உவமை அவர் வாயில் நிற்கவில்லை, எந்தத் தகவல் அவருக்குத் தெரிய வழியில்லை என்று குறித்துக்கொண்டே வாருங்கள். எங்கள் வகுப்பில் பெரியவர்களும் பிள்ளைகளும் இதை விரும்பிச் செய்கிறார்கள். அதற்கு அப்புறம் பெயர்கள் வேண்டுமென்றால் அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தின் பொருளணியியலைத் திறக்கலாம், 35 அணிகள் இருக்கின்றன. நல்ல உரையோடு கிடைக்கிற பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.