கிலுகிலுப்பைப் பாம்பு: வாசகர் கேள்விகள்

கோடை பிறந்தால் அமெரிக்க வாசகர்களின் கடிதங்களில் ராட்டில் ஸ்நேக் எனப்படும் கிலுகிலுப்பைப் பாம்பு தலைகாட்டிவிடும். இம்முறை வந்தவற்றில் சில.

*எங்கள் வீட்டுப் பின்சுவரைத் தாண்டினால் பாலைவனம்தான். ஜூலையில் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். விடியற்காலையிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் நடப்பது அவர்களுக்கு வழக்கம். பாம்பை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என்ன ஏற்பாடு செய்யலாம்?*
– வாசகி, ஸ்காட்ஸ்டேல், அரிசோனா

உங்கள் பெற்றோர் நடக்கும் நேரம்தான் அந்த மாதத்தில் பாம்பும் நடமாடும் நேரம். மார்ச், ஏப்ரலில் பகலில் வெயில் காயும் பாம்பு, கோடை முற்றியதும் பகல் முழுக்க நிழலில் பதுங்கிவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வரும். இரவில் தார்ச்சாலை சூடு ஆறாமல் இருப்பதால் அதன்மேலேயே படுத்திருக்கும். அதனால் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடச் சொல்லுங்கள். ஆளுக்கொரு டார்ச் கொடுங்கள். வெளிச்சம் காலுக்கு இரண்டு மீட்டர் முன்னால் விழ வேண்டும். தெரு விளக்கு இருக்கிறதே என்று டார்ச்சை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

அரிசோனாவில் 13 வகைக் கிலுகிலுப்பைப் பாம்புகள் உண்டு. அமெரிக்க மாநிலங்களில் அதிக வகைகள் அங்கேதான். உங்கள் பக்கத்தில் வீடுகளுக்குள் அதிகம் வருவது வெஸ்டர்ன் டயமண்ட்பேக் என்ற வகை. அதற்கு உங்கள் வீட்டில் கிடைப்பது மூன்று: எலி, தண்ணீர், நிழல். பறவைகளுக்குத் தானியம் தூவினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். சொட்டுநீர்க் குழாய் கசிந்தால் அடையுங்கள். செடிகளின் அடிக் கிளைகளைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரம்வரை வெட்டிவிட்டால் அடியில் என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். விறகு, ஓடு, பூந்தொட்டிக் குவியல்களைச் சுவரோரம் வைக்காதீர்கள்.

சிமென்ட் கல் சுவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் ஓட்டை, கேட்டின் அடியில்தான் இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை குட்டிகள் பிறக்கும் காலம்; கால் மீட்டர் நீளக் குட்டி ஒரு செ.மீ. இடைவெளியில் நுழைந்துவிடும். கேட்டுக்கும் கராஜ் கதவுக்கும் அடியில் ரப்பர் பட்டை வையுங்கள். கம்பி கிராதியாக இருந்தால் 6 மி.மீ. கண்ணுள்ள வலையை 90 செ.மீ. உயரத்துக்கு அடித்து, இன்னும் 10 முதல் 15 செ.மீ. மண்ணுக்குள் புதையுங்கள். புதைக்காமல் விட்டால் எலி தோண்டும் வளையே பாம்புக்கு வழியாகிவிடும். வலைக்கு வெளிப்புறம் சாய்ந்து நிற்கும் செடி ஏணியாகும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அந்துருண்டை, கந்தகத் தூள், ஒலி எழுப்பும் கருவிகள் எல்லாம் வீண் செலவு. அந்துருண்டை பாம்பை விரட்டாது. குழந்தை எடுத்து வாயில் போட்டால் ஆபத்து.

பாம்பு வந்தே விட்டால் குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் ஜன்னல் வழியாகவோ ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்றோ அதைக் கண்காணிக்க வேண்டும். பிடிக்க வருபவருக்கு அது எங்கே போனது என்று தெரியாவிட்டால் வேலை நடக்காது. அரிசோனாவின் பல ஊர்களில் தீயணைப்புத் துறையே வந்து எடுத்துப் போகும். அந்த எண்ணை இப்போதே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். மண்வெட்டியைத் தூக்காதீர்கள். கடிபட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் கணிசமானோர் பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போனவர்கள். வெட்டிய தலையும் ஒரு மணி நேரத்துக்குமேல் கடிக்கக்கூடும், நஞ்சோடு.

*பாம்பு கடித்தால் உடனே மேலே இறுக்கிக் கட்ட வேண்டும் என்கிறார் மாமனார். துணியால் முழுக் காலையும் சுற்ற வேண்டும் என்று வேறொருவர் சொன்னார். எது சரி?*
– வாசகர், சான் அன்டோனியோ, டெக்சாஸ்

இந்தப் பாம்புக்கு இரண்டுமே தவறு. பெரும்பாலான கிலுகிலுப்பைப் பாம்புகளின் நஞ்சு சதையை அழிக்கும், இரத்தம் உறைவதைக் கெடுக்கும். இறுக்கிக் கட்டினால் நஞ்சு ஓரிடத்திலேயே தேங்கி, அங்குள்ள சதையைத் தின்கிறது. இரத்த ஓட்டம் நின்று கை கால் போவதும் உண்டு. கயிறு கட்டக் கூடாது என்பதே இந்தியாவிலும் மருத்துவர்கள் சொல்வது. முழுக் காலையும் சுற்றும் அழுத்தக் கட்டு, நரம்பைத் தாக்கும் நஞ்சுள்ள சில ஆஸ்திரேலியப் பாம்புகளுக்காக ஏற்பட்ட முறை. கிலுகிலுப்பைப் பாம்பும் சேர்ந்த வட அமெரிக்கக் குழிவிரியன் இனத்தின் கடிக்கு அது வேண்டாம் என்று நச்சியல் வல்லுநர்கள் சொல்லிவிட்டார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் பாம்பிடமிருந்து விலகுங்கள். இரண்டாம் முறையும் கடிக்கும். 911-ஐ அழையுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, கைக்கடிகாரம், ஷூ எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க முடியும். கடிபட்ட கை காலை ஏறத்தாழ இதய மட்டத்தில் அசையாமல் வையுங்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கோடு. மருத்துவருக்கு நீங்கள் கொண்டுபோகக்கூடியவற்றில் அதைவிடப் பயனுள்ள குறிப்பு இல்லை.

கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, மது கொடுப்பது எதுவும் கூடாது. கடைகளில் விற்கும் உறிஞ்சு குழாய் ஏறக்குறைய எதையும் வெளியே எடுப்பதில்லை. வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் தரக் கூடாது, இரத்தப்போக்கு கூடும். கடிபட்டவரே வண்டி ஓட்டுவதும் தவறு. ஆம்புலன்ஸ் வரும்வரை விஷ முறிவு உதவி மையத்திடம் கேட்கலாம்: 1-800-222-1222, நாள் முழுவதும், கட்டணமில்லை.

நாக்கில் உலோகச் சுவை, உதட்டைச் சுற்றி மதமதப்பு, தசைத் துடிப்பு ஆகியவை நஞ்சு ஏறியதன் அடையாளங்கள். நாலில் ஒரு கடியோ அதற்குச் சற்றுக் குறைவோ நஞ்சில்லாத வெறும் கடிதான். ஆனாலும் அதை வீட்டில் தீர்மானிக்க முடியாது. மோஹாவி என்ற கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தால் வீக்கம் குறைவாகவே இருந்து, பிறகு மூச்சு தளரக்கூடும்.

பாம்பைக் கொன்று எடுத்துப் போகத் தேவையில்லை. கிலுகிலுப்பைப் பாம்பில் வகைக்கு ஒரு முறிமருந்து என்று கிடையாது. இப்போது இரண்டு புழக்கத்தில் உள்ளன: ஆட்டிலிருந்து எடுக்கும் குரோஃபேப், குதிரையிலிருந்து எடுக்கும் அனவிப். குரோஃபேப் என்றால் முதல் தவணை பொதுவாக 4 முதல் 6 குப்பி. வீக்கம் அடங்காவிட்டால் மறுபடியும் கொடுப்பார்கள். அடங்கிய பிறகு ஆறு மணி நேரத்துக்கு 2 குப்பி வீதம் மூன்று முறை. வீடு திரும்பிய பிறகு பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகள் சில நாள் கழித்து மறுபடி குறையலாம். முதல் வாரத்தில் வரச் சொன்ன இரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது.

அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை நச்சுப்பாம்புகள் கடிக்கின்றன. இறப்பது ஐந்து பேர் அளவில். பணச் செலவுதான் பேயாட்டம் ஆடும்: ஒரு குப்பிக்கே ஆயிரக்கணக்கில் டாலர் பில் வரும். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்குப் பயணக் காப்பீடு எடுக்கும்போது அவசர சிகிச்சையின் உச்சவரம்பைப் பாருங்கள்.

*வாலில் எத்தனை வளையமோ அத்தனை வயது என்பது உண்மையா? அடிக்குமுன் கட்டாயம் ஒலி எழுப்புமா?*
– வாசகர், டென்வர்

இரண்டும் இல்லை. தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் சேரும். ஆண்டுக்கு ஒரு முறைக்குமேலும் உரிக்கும். நுனி வளையங்கள் அடிக்கடி ஒடிந்துவிழும். நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருள்தான், உள்ளே மணி எதுவும் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய காகிதக் குவளைகள்போல வளையங்கள் தளர்வாகக் கோத்திருக்கின்றன. வாலின் தசை விநாடிக்குப் பல பத்து முறை துடிக்கும்போது அவை மோதிக்கொள்கின்றன. குளிரில் துடிப்பு மெதுவாகும்.

நாம் நெருங்க நெருங்க அந்தத் துடிப்பு முதலில் படிப்படியாக வேகம் கூடி, திடீரென்று உச்சத்துக்குத் தாவும். கேட்பவருக்குப் பாம்பு தாம் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும் என்று 2021-இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆனால் பாம்புக்கு முதல் தற்காப்பு அசையாமல் கிடப்பதுதான். அதன் நிறமே மண்ணில் மறைந்துகொள்ளத்தான். நீங்கள் கவனிக்காமல் கடந்து போனால் அதற்குத் திருப்தி. ஒலி கேட்டால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், எங்கே என்று கண்ணால் தேடுங்கள், பிறகு மெல்ல விலகுங்கள். பார்க்காமல் துள்ளினால் அதன்மேலேயே விழலாம். தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி தூரம்வரைதான் அதனால் பாய முடியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் எட்டாது.

கோஃபர் பாம்பு என்று நஞ்சில்லாத ஒன்றும் வாலைச் சருகில் ஆட்டிச் சீறும். ஆள் மாறாட்டத்தில் அடிபட்டுச் சாவது பெரும்பாலும் அது.

*கலிபோர்னியாவில் மலையேறும்போது ஓர் அணில் இந்தப் பாம்புக்கு எதிரே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பயமே கிடையாதா?*
– வாசகி, ஃப்ரீமாண்ட்

நீங்கள் பார்த்தது கலிபோர்னியத் தரை அணில். நன்றாக வளர்ந்த அணிலின் இரத்தத்தில் அந்த ஊர்ப் பாம்பின் நஞ்சைத் தாங்கும் புரதம் இருக்கிறது. பாம்பு தேடுவது பொந்துக்குள் இருக்கும் குட்டிகளை.

கிலுகிலுப்பைப் பாம்புக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழி உண்டு. அணில் வாலை ஆட்டும்போது அதற்குள் சூடான இரத்தத்தையும் பாய்ச்சுகிறது. பாம்பின் குழிக்கு வால் பெரிதாகப் பளிச்சிடும். வெப்பக் குழி இல்லாத கோஃபர் பாம்பின் முன்னால் அதே அணில் வாலை ஆட்டும், சூடாக்காது. இயந்திர அணிலைச் செய்து, வாலைச் சூடாக்கியும் சூடாக்காமலும் ஆட்டிப் பார்த்துத்தான் 2007-இல் இதை உறுதிசெய்தார்கள்.

*டெக்சாஸில் ஆயிரக்கணக்கான பாம்புகளைப் பிடித்துக் கொன்று திருவிழா நடத்துகிறார்களாமே? வெறுப்பா, வேடிக்கையா?*
– வாசகர், டல்லஸ்

ஸ்வீட்வாட்டர் ஊரின் திருவிழா அது. 1958 முதல் மார்ச் மாதத்தில் நடக்கிறது. தொடக்கத்தில் கால்நடைகளைக் காப்பாற்ற என்றார்கள். இப்போது ஊருக்கு வருமானம். பாம்பு வளைக்குள் பெட்ரோல் ஆவியைச் செலுத்தி வெளியே வரவைக்கும் பழக்கம்தான் இதில் மிக மோசமானது. அந்த வளையில் ஒதுங்கிய ஆமை, தவளை, பூச்சி எல்லாம் சேர்ந்து சாகின்றன. முறிமருந்துக்கு நஞ்சு கிடைக்கிறதே என்ற வாதம் நிற்காது. மருந்து தயாரிப்பவர்களுக்கு வகை தெரிந்த, சுத்தமாக வளர்த்த பாம்பின் நஞ்சுதான் வேண்டும். ஜார்ஜியாவின் கிளாக்ஸ்டன் ஊர் 2012-இல் கொலையை நிறுத்திவிட்டு, அதே விழாவை வனவிலங்குக் கண்காட்சியாக மாற்றிக்கொண்டது; கூட்டமும் வருகிறது.

வெறுப்பு மட்டும் என்றும் சொல்ல முடியாது. 1775-இல் பிரிட்டனை எதிர்த்த குடியேற்றங்கள் மஞ்சள் கொடியில் வரைந்துகொண்டது இந்தப் பாம்பைத்தான்: தானாக வம்புக்குப் போகாது, மிதித்தால் விடாது என்பதற்காக.

மாசசூசெட்ஸில் நடந்ததையும் பாருங்கள். அங்கு டிம்பர் என்ற கிலுகிலுப்பைப் பாம்பு வகை அழியும் நிலையில் இருப்பதால், குவாபின் நீர்த்தேக்கத்தில் மக்கள் போகாத ஒரு தீவில் சிறிது சிறிதாக விடலாம் என்று 2016-இல் வனவிலங்குத் துறை திட்டமிட்டது. நீந்தி வந்து கடிக்கும் என்று ஊரே கொதித்தது. நீந்தும் என்பது உண்மை. ஆனால் உறைபனிக்குக் கீழே இறங்கும் பாறைப் பிளவு கிடைக்காவிட்டால் கரைக்கு வந்த பாம்பு அந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது. 2017-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். வடகிழக்கில் இவ்வகைப் பெண்பாம்பு முதல் முறை குட்டிபோட ஏழெட்டு வயதாவது ஆகும், அதற்கப்புறமும் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான். ஒரு தாயை அடித்தால் ஈடுகட்ட நெடுங்காலம் பிடிக்கும் என்பது அந்தக் கூட்டங்களில் அதிகம் எடுபடவில்லை.

*நம் ஊரில் இது உண்டா?*
– வாசகர், திண்டுக்கல்

கிடையாது. கனடாவின் தெற்கிலிருந்து அர்ஜென்டினா வரை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே. மேற்குத் தொடர்ச்சி மலையின் மூங்கில் குழிவிரியன் இதன் உறவு. நம் சுருட்டை விரியன் செதில்களை உரசி எச்சரிக்கை ஒலி எழுப்பும். வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்து செய்யும் முறிமருந்து கிலுகிலுப்பைப் பாம்புக்குப் பயன்படாது. ஊரிலிருந்து வாங்கி வரச் சொல்லலாமா என்று கேட்டவர்களுக்கும் இதே பதில்.

*ஆறு வயது மகன் பாம்புப் படத்தைக் கண்டாலே அலறுகிறான். வீட்டுக்குப் பின்னால் மலைப்பாதை. பயம் இருப்பது நல்லதுதானே என்கிறார் கணவர்.*
– வாசகி, டூசான், அரிசோனா

ஆய்வகத்தில் பிறந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமில்லை. வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு பதறுவதைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது. பூவைக் கண்டு பதறுவதாகக் காட்டியபோது ஒட்டவில்லை. 1980களின் சோதனைகள் இவை. பாம்புப் பயத்தைப் பிடித்துக்கொள்ள மனம் தயாராக இருக்கிறது. பற்றவைப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர். ஆகவே முதலில் பெரியவர்கள் வீட்டில் அலறுவதை நிறுத்த வேண்டும்.

உங்கள் ஊரிலேயே அரிசோனா சோனோரா பாலைவன அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கட்டும்; முதல் நாள் தூரத்திலிருந்து இரண்டு நிமிடம் போதும், அவனாகக் கிட்டே போகும்வரை இழுக்காதீர்கள். பயம் காப்பாற்றும் என்று உங்கள் கணவர் நினைப்பது சரியல்ல. மிரண்ட குழந்தை பார்க்காமல் ஓடும். அவனுக்குப் பழக்க வேண்டியது மூன்று: நில், எங்கே என்று பார், மெல்லப் பின்னால் வந்து பெரியவர்களிடம் சொல். முற்றத்தில் ஒரு கயிற்றைப் போட்டு வாரம் இரு முறை விளையாட்டாக நடத்துங்கள். கயிற்றைத் தூக்கி அவன்மேல் போட்டுச் சிரிக்கும் மாமாக்களை அன்று வீட்டுக்கு அழைக்காதீர்கள்.