கேளுங்கள், சொல்கிறேன்!

கேள்வி: கணவரின் வேலைக்காக நியூஜெர்சி வந்திருக்கிறேன். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஊட்டச்சத்து படித்தால் டயட்டீஷியன் ஆகலாமா, மேடம்?
– ஒரு வாசகி

பதில்: கம்யூனிட்டி காலேஜில் பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புதான்; அதை மட்டும் வைத்து முடியாதும்மா. 2024 ஜனவரி முதல் அங்கே டயட்டீஷியன் தேர்வு எழுதவே முதுகலைப் பட்டம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டுப் படிப்பையும் பயிற்சியையும் முடித்தால், டயட்டீஷியனுக்கு உதவியாக வேலை செய்யும் டயட்டெட்டிக் டெக்னீஷியன் தேர்வு எழுதலாம். எல்லாக் காலேஜிலும் அந்த அங்கீகாரம் இருக்காது. பணம் கட்டுமுன் விசாரியுங்கள். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் நீங்கள் இருந்தால் படிக்கலாம், வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும்.

வகுப்பில் நீங்கள் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக் கணக்குப் போடச் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் ஒரு கப் வெள்ளைச் சோறு 158 கிராம், சுமார் 205 கலோரி. நாம் தட்டில் போடுவது ஒரு கப்பா என்ன! சாம்பாரைப் பருப்பு, காய், எண்ணெய் என்று பிரித்தே எழுதுங்கள். தாளிக்கிற எண்ணெயை விட்டுவிடாதீர்கள். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி.